வாசலில் பந்தல் போடலாமா?

இரவு ஒன்பதரை மணிக்கு அந்த போன் வந்தது. எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டு அம்மா. "சார், வீட்டுக்காரர் போய்ட்டார் சார். ஆஸ்பத்திரியிலேர்ந்து எடுத்துக்கினு வராங்க. வாசல்ல சாமியானா போடலாமா சார்? நோட்டீஸ்ல கூடாதுன்னு போட்டிருக்குதே, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு…" என்றார். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரலாகவும் தெரியவில்லை. கரண்ட் பில் கட்ட கடைசி தேதி என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் "ஐயோ, எப்பம்மா?" என்றேன். சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் மேஜை டிராயரைத் திறந்து நலச்சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார், நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் விதி. "பொதுத் தெருவில் பந்தல், சாமியானா, நாற்காலி, கட்டில் முதலியவற்றைப் போடுவதை உறுப்பினர்கள் இயன்றவரை தவிர்க்க வேண்டும், மீறினால் அபராதம்." எழுதியவன் நான். "காம்பவுண்டுக்குள்ளயே வச்சுக்க முடியுமான்னு பாருங்கம்மா" என்றேன். காம்பவுண்டுக்குள் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தினால் மறு ஆள் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி சார். அப்ப ஊருக்கே எடுத்துனு போயிடறோம்" என்றார்.

ஆம்புலன்ஸ் வந்து பத்து நிமிஷம் நின்றது. அந்த அம்மா ஒரு துணிப்பையோடு ஏறிக்கொண்டார். நானும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் கைகட்டி நின்றோம். வண்டி போனதும் செக்யூரிட்டி கேட்டைச் சாத்தினார். காலையில் நாற்பத்திரண்டு வீட்டு கேட்டிலும் பால் பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் வீட்டிலும்தான். தெருவில் ஒரு பூவிதழ்கூட இல்லை. அவ்வளவு சுத்தம்.

சண்டையில்லாத தெரு

எங்கள் நகர் காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற பக்கம், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடும் ஒரே அச்சு, ஒரே தந்தநிறம், ஒரே கறுப்பு கேட். குடிவந்த முதல் இரண்டு வருஷம் அங்கே நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் பதிவாகும். ஆடி மாதம் கூழ் ஊற்ற ஸ்பீக்கர் கட்டினார்கள், அதற்கு ஒரு சண்டை. ரம்ஜானுக்குச் சீரியல் லைட்டை ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு இழுத்தார்கள், அதற்கு ஒன்று. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் யார் வீட்டில் உயரம் என்று ஒன்று. ஒருவர் காரை எடுக்கும்போது பக்கத்து வீட்டு மார்கழிக் கோலத்தின்மேல் ஏற்றிவிட்டார். அது போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தது.

அப்போதுதான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிக் கணக்கு பார்க்கிறவன், வரிவரியாக எழுதத் தெரிந்தவன் என்று நம்பிக்கை. உட்கார்ந்து பதினேழு விதி எழுதினேன். வெளிச்சுவரில் எதுவும் தொங்கக் கூடாது, கோலம் கேட்டுக்கு உள்ளே, துணி மொட்டைமாடியின் பின்பக்கம், பெயிண்ட் அடித்தால் அதே தந்தநிறம். எந்தச் சாமிக்கும் சலுகை இல்லை. எல்லாருக்கும் ஒன்று என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. விதி வந்த பிறகு ஒரு சண்டைகூட இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அது உண்மை. வெயில் காலத்தில் தண்ணீர் விடுவதில்கூட வீட்டுக்கு இத்தனை நிமிஷம் என்று கடிகாரம் வைத்துத் திறந்தோம். டாக்டர் வீட்டுக்கும் அதே அளவு, டிரைவர் வீட்டுக்கும் அதே அளவு. பாலாறு மணலாகக் கிடக்கிற ஊரில் அது சின்ன விஷயமில்லை. வந்துபோகிற உறவுக்காரர்கள் எல்லாம் "சிங்கப்பூர் மாதிரி வச்சிருக்கீங்களே" என்பார்கள். எனக்கு அது குளிரும். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இறந்துபோன பெரியவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பி வாங்கின வீடு. குடிவந்த மறுநாளே மலையடிவாரத்துத் தன் ஊரிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து வாசலில், தெருவோர வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் போட்டார். சாயங்காலமானால் அதில் உட்கார்ந்திருப்பார். போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்தி, "இன்னா சார், ஆபீஸ் லேட்டா?" என்று கேட்பார். என் பையன் பிளஸ் டூவில் கணக்கில் எவ்வளவு வாங்கினான் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குப் போய்வந்தால் மஞ்சப்பையில் முள்ளுக் கத்திரிக்காய் கொண்டுவந்து கொடுப்பார். (2023இல் இலவம்பாடிக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "இதுக்கு முள்ள எடுத்துட்டா எவன் சார் மதிப்பான்" என்று சிரித்தார். அன்றைக்கு அது வெறும் கத்திரிக்காய்ப் பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.)

பதினோராம் விதியில் "கட்டில்" என்ற சொல் அவருக்காகவே வந்தது. நகர் முழுக்க ஒரே கட்டில்தான் தெருவில் இருந்தது. நோட்டீஸ் ஒட்டின அன்று நானே போய்ச் சொன்னேன். ஒருவரை மட்டும் குறிவைத்ததாகத் தெரியக் கூடாது என்று, எல்லாருக்கும் பொதுவான விதி இது என்று நீட்டி விளக்கினேன். "சரி சார்" என்று எழுந்தார். கட்டிலை நிமிர்த்தி, தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடிக்குத் தூக்கிப்போனார். முகத்தில் கோபம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கட்டில் மறைத்துக்கொண்டிருந்தது.

கலர் டிரஸ் நாள்

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஒழுங்குக்கு எதிரி ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் உடம்பு வளர்ந்ததே ஒரே மாதிரித் தட்டில்தான். குடியாத்தத்தில் கூலித் தறிக்காரர் மகன் நான். லுங்கி நெய்கிற தெரு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவைத் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவைப் பற்றி நைனா சொல்வார், எனக்கு வாய்த்தது இது. வராந்தாவில் வரிசையாகச் சப்பணம் போட்டு உட்கார்வோம். என் வலப்பக்கம் எங்கள் தெருப் பையன், இடப்பக்கம் எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்த விடாத சாதியில் பிறந்த பையன். அவன் தட்டிலும் அதே கரண்டியில்தான் விழுந்தது. வீட்டில் ஆயா, "யார் பக்கத்துல உக்காந்த?" என்று கேட்டால், "டீச்சர் உக்கார வச்சாங்க" என்று சொல்லிவிடலாம். எங்களுக்கு அது பெரிய வசதி. சினேகிதம் பண்ண எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் தேவைப்படவில்லை.

வெள்ளைச் சட்டை, காக்கி டவுசரும் அப்படித்தான். என்னிடம் ஒரே ஒரு செட். ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் காயப்போட்டால் திங்கட்கிழமை நான் அரிசி மண்டிக்காரர் மகனுக்குச் சமம். ஏழாம் வகுப்பில் வந்த ஒரு வாத்தியார், பிள்ளைகளுக்கும் சுதந்திரம் வேண்டும் என்று வெள்ளிக்கிழமையைக் கலர் டிரஸ் நாள் ஆக்கினார். நல்ல மனுஷர், நல்ல எண்ணம். அந்த வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை ஆனால் எனக்கு வயிற்று வலி வந்தது. மண்டிக்காரர் மகன் வாராவாரம் ஒரு சட்டை. நான் நைனாவின் பழைய சட்டையைப் பிடித்துத் தைத்தது ஒன்று, எல்லா வெள்ளியும் அதேதான். சுதந்திரம் என்று யாராவது கொஞ்சம் சத்தமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் அந்தச் சட்டையின் காலர் கழுத்தில் உரசுகிறது.

அதனால்தான் பதினேழு விதியை அவ்வளவு மனநிறைவோடு எழுதினேன் என்று நினைக்கிறேன். சீருடை எனக்குச் செய்த நல்லதை நாற்பத்திரண்டு வீட்டுக்குச் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு.

மேலுதட்டு மயிர்

பெரியவர் போன பிறகு வந்த ஞாயிறு, பொழுது போகாமல் வேலூர்க் கோட்டைப் பக்கம் போனேன். அகழியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மக்கான் சிக்னலில் சிப்பாய் நினைவுத் தூணுக்கு எதிரே டீ குடித்தேன். வேலூர்க்காரனுக்கு 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகம் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வருஷா வருஷம் அந்தத் தேதியில் தூணுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். கம்பெனிப் படைச் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவை, புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், தாடி கூடாது, நெற்றிக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே ஒப்பித்திருக்கிறோம். ஆனால் அந்த உத்தரவின் வாசகத்தை நிதானமாகப் படித்தபோது, நான் ஒப்பிக்காத ஒரு வரி அதில் இருந்தது. தாடையை மழுங்கச் சிரைக்க வேண்டும் என்று சொன்னதோடு நிற்காமல், மேலுதட்டு மயிரின் அளவிலும் வடிவத்திலும் கூடியவரை ஒரே சீர்மை காக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

மீசை வேடிக்கையாகத்தான் இருந்தது. "கூடியவரை"தான் என்னைக் கடித்தது. அந்த வார்த்தையைப் போட்டவன் தன்னை ரொம்பத் தன்மையானவன் என்று நினைத்திருப்பான். என் விதிமுறைப் புத்தகத்தில் "இயன்றவரை" என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது, வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். சென்னைப் படைகளின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் இந்து மதத்தையோ இஸ்லாத்தையோ ஒழிக்க உட்கார்ந்து திட்டம் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு வேண்டியது அணிவகுப்பில் கோணலில்லாத ஒரு கோடு. குதிரைமேல் இருந்து பார்த்தால் வரிசை அழகாக இருக்க வேண்டும். விபூதியும் நாமமும் தாடியும் அந்தக் கோட்டில் அழுக்கு மாதிரி தெரிந்திருக்கும். முடியாது என்று மறுத்த சிப்பாய்களுக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். ஜூலையில், நடுநிசி தாண்டி, கோட்டைக்குள் சிப்பாய்கள் சுட ஆரம்பித்தார்கள். விடிந்ததும் ஆற்காட்டிலிருந்து கம்பெனித் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்தது. பொழுது சாய்வதற்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். அந்தத் தலைப்பாகை உத்தரவை அப்புறம் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஒரு கட்டிலை உள்ளே போடச் சொன்னதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது அதிகப்படிதான், தெரியும். சிப்பாய்களின் கோபத்தில் தலைப்பாகை மட்டுமே இருந்ததாகவும் யாரும் சொல்வதில்லை. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் இருந்தார்கள், புலிக்கொடி ஏறியது. இருந்தாலும் அந்தக் குதிரைமேல் உட்கார்ந்த கண் எனக்குத் தெரிந்த கண். எங்கள் நகர் விற்பனைக்கு வந்தபோது ட்ரோனில் எடுத்த ஒரு படம் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு மொட்டைமாடியும் சீப்புப் பல் மாதிரி இருக்கும். அதைப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

சரி, மேலிருந்து வருகிற எல்லாச் சீர்மையும் தப்பு என்று முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமா என்றால் அதுவும் முடியவில்லை. வேலூர்க் கலகத்துக்குப் பிறகு கிராடக்கோடு சேர்த்துத் திரும்ப அழைக்கப்பட்ட சென்னை கவர்னர் யார்? வில்லியம் பெண்டிங்க். அதே ஆள் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து 1829இல் சதியை, அதாவது புருஷன் சிதையில் பெண்டாட்டியை எரிக்கிற வழக்கத்தை, தடை செய்தார். எங்கள் வழக்கத்தில் தலையிடாதே என்று அப்போதும் மனுப் போட்டார்கள். அந்த மனுவைத் தூக்கி எறிந்தது சரி என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட வேண்டாம். தலைப்பாகை தப்பு, சதித் தடை சரி. இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று கேட்டால் டீ ஆறிப்போகும்வரை யோசித்தேன். ஒரு யோசனை வந்தது: உத்தரவு போடுகிறவன் அதனால் எதை இழக்கிறான் என்று பார்க்கலாம். கிராடக் தன் மீசையை இழக்கவில்லை. நான் கட்டிலில் உட்கார்கிறவன் இல்லை, எனக்கு சோபா இருக்கிறது. இது எல்லா இடத்திலும் செல்லுபடியாகிற தராசு என்று சொல்ல வரவில்லை. பெண்டிங்கும் சதித் தடையால் எதையும் இழக்கவில்லையே.

கை தூக்கியவர்

அடுத்த மாதக் கூட்டத்தில் பதினோராம் விதியை அடியோடு எடுத்துவிடலாம் என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். காரணம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை. "ஒண்ணை எடுத்தா ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்வாங்க சார்" என்று ஒருவர் சொன்னார். எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கியவர்களில் அந்த அம்மாவும் இருந்தார். கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், நெற்றி வெறுமையாக. தீர்மானம் தோற்றது.

அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, கூட்டம் முடிந்து நடந்துவரும்போது மெதுவாகக் கேட்டேன். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். "ஊர்ல ரோட்டு மேல எங்க சாவுக்கு வழி கிடையாது சார். ஏரிக்கரைய சுத்திக்கினுதான் போவணும். அன்னிக்கு மழை வேற. சேத்துல ரெண்டு வாட்டி பாடைய எறக்கி வச்சாங்க. இவரு உசுரோட இருக்கசொல்லோ, நான் போனா அந்த வழியா தூக்கினு போவாதீங்கடான்னு சொல்லிக்கினே இருப்பாரு. அதுக்குத்தான் புள்ள இங்க வூடு வாங்கிச்சி." கொஞ்ச தூரம் நடந்தார். "இங்க சட்டம்னா டாக்டர் வூட்டுக்கும் அதான், எனுக்கும் அதான். எனுக்காக எடுக்காதீங்க சார். இன்னிக்கி எனுக்காக ஒண்ண எடுப்பாங்க, நாளைக்கி எனுக்காக ஒண்ண போடுவாங்க."

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கிய வீடியோ எல்லார் போனிலும் வந்ததே, ஞாபகம் இருக்கும். பட்டா நிலத்து வழியாகச் சுடுகாட்டுக்குப் போக விடவில்லை என்பதால் இறக்கினார்கள். நானும் பார்த்து, "சே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீடியோவுக்குப் போனவன்தான். இந்த மனிதரை அந்த மாதிரி ஒரு வழிக்குத் திருப்பி அனுப்பியது என் இயன்றவரை. அந்த வழியிலிருந்து தப்பிக்க அவர் நம்பி வந்ததும் அதே விதிப் புத்தகத்தைத்தான். கட்டிலை எடு என்றதும் எடுத்தாரே, அது பயந்தோ மனம் சுருங்கியோ எடுத்தது என்று இத்தனை நாள் என்னை நானே குத்திக்கொண்டிருந்தேன். ஒருவேளை அவருக்கு அது, தன் கட்டிலும் மற்றவர்கள் காரும் ஒரே நோட்டீஸில் வந்த கௌரவமாக இருந்திருக்கலாம். ஒருவேளை இரண்டும். கேட்க ஆள் இல்லை.

மறுபடி ஒரு திருத்தம் எழுதினேன். சாவு வீட்டுக்கு மூன்று நாள் தெருவில் பந்தல் போடலாம், எல்லா வீட்டுக்கும் பொருந்தும், யாரையும் கேட்க வேண்டாம், செக்யூரிட்டியிடம் சொன்னால் போதும். "இயன்றவரை" இல்லாமல் எழுதினேன். அது நிறைவேறியது. அந்த அம்மாவும் ஆதரித்துக் கை தூக்கினார். நாற்காலியும் கட்டிலும் அந்த விதியில் அப்படியே இருக்கின்றன. அதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எடுக்காமல் விட்டதும் சரியாகப் படவில்லை. உள்ளதைச் சொன்னால் சாயங்காலம் தெரு அமைதியாக இருப்பது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விடும்போது மட்டும், "ஆபீஸ் லேட்டா?" என்று கேட்க ஒருவரும் இல்லையே என்று தோன்றும். இரண்டு நிமிஷம். அப்புறம் டிவி போட்டுவிடுவேன்.

போன வாரம் தண்ணீர்த் தொட்டி வால்வு பார்க்க அவர் வீட்டு மாடிக்குப் போனேன். கட்டில் சுவரில் சாய்த்தபடி இருந்தது, வெயிலில் கயிறு வெளுத்துத் தொங்கிப்போயிருந்தது. "இழுத்துக் கட்டணும் சார், ஆள் இல்ல" என்றார் அந்த அம்மா. தறிக்காரன் மகனுக்கு நூலும் கயிறும் கை மறக்காது. கால்மாட்டுச் சட்டத்தில் பாதத்தை ஊன்றி நான் இழுக்க, அவர் தளர்ந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக நெருக்கிக்கொடுத்தார். அரைமணி நேரம் ஆனது. உள்ளங்கை சிவந்துவிட்டது. தட்டிப் பார்த்தால் பறை மாதிரி விறைப்பாக நின்றது.

"எங்க போடறது சார்?" என்றார். மறுபடியும் என்னைத்தான் கேட்டார்.